ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கடைசிக் கேள்விக்கு பதில் எழுதும்போது போற போக்குல ஒரு வரி விட்டேன், "தட்டையா இருக்கற காகிதத்துல அச்சான ரோடு எப்படிங்க உள்ள போகுது, யோசிச்சுப் பாத்திருக்கீங்களா"ன்னு. அவ்வளவுதான். அதுக்கு வந்த கேள்விங்களே இந்த இதழை ரொப்பிடும் போல இருக்கு, அதனால இந்தத் தடவை சினிமா, அரசியல், குடும்பப் பஞ்சாயத்து எல்லாத்துக்கும் லீவு. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேத்துட்டேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் சொன்னதால யார் பேரும் போடல.

கேள்வி: சார், அந்த ரோடு போட்டோவை நான் ஒரு கண்ணை மூடிட்டுப் பாத்தேன். சத்தியமா ரோடு இன்னும் ஆழமா உள்ள போன மாதிரி இருந்துச்சு. வீட்டுக்காரிகிட்ட சொன்னா "உங்களுக்கு வேற வேலையே இல்லையா"ங்கறா. இது என் பிரமையா?

பதில்: பிரமை இல்லீங்க, நீங்க பாத்தது நிஜம். வீட்டம்மாவையும் ஒரு கண்ணை மூடச் சொல்லுங்க.

நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல சராசரியா 6.3 செ.மீ. இடைவெளி இருக்கு. கட்டை விரலை மூக்குக்கு நேரா நீட்டிட்டு, இடது கண்ணு வலது கண்ணுன்னு மாத்தி மாத்தி மூடுங்க. விரல் பின்னாடி இருக்கற சுவத்துமேல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவும் பாருங்க. கிட்ட இருக்கறது நிறைய தாவும், தள்ளி இருக்கறது கொஞ்சமா தாவும், இந்த வித்தியாசத்த வச்சுதான் மூளை தூரத்தைக் கணக்கு போடுது. இப்ப அதே வேலைய போட்டோவுல செஞ்சு பாருங்க. முன்னாடி இருக்கற மரம், பின்னாடி இருக்கற மலை, எதுவும் தனித்தனியா நகராது. ரெண்டும் ஒரே காகிதத்துலதான இருக்கு, அப்புறம் எப்படி நகரும்? அதனால ரெண்டு கண்ணும் சேந்து மூளைக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பிடுது, "ஐயா, இங்க ரோடும் இல்ல மலையும் இல்ல, கையெட்டுற தூரத்துல ஒரு தட்டைக் காகிதம்தான் இருக்கு"ன்னு. படத்துக்குள்ள இருக்கற நிழலும் கோடும் "இல்லவே இல்ல, இது ரோடுதான்"னு சாட்சி சொல்லுது. நாம ரெண்டையும் கேட்டுக்கிட்டு ஒரு மாதிரி சமரசமா பாக்கறோம்.

ஒரு கண்ணை மூடினீங்கன்னா முதல் ரிப்போர்ட் நின்னுடும். ரோடு ஜெயிச்சுடும். அதான் விஷயம்.

இன்னும் நல்லா பாக்கணும்னா ஒரு காகிதத்தைக் குழல் மாதிரி சுருட்டிக்கிட்டு, அது வழியா போட்டோவோட ஓரம் தெரியாதபடி பாருங்க, ஏன்னா அந்த ஓரமும் இது காகிதம்னு காட்டிக் குடுக்கும். தலையை ஆட்டக் கூடாது. பத்து எண்ணற வரைக்கும் பொறுமையா இருங்க. பாஸ்போர்ட் போட்டோல எல்லாம் ட்ரை பண்ணாதீங்க, நீளமான காரிடார், மரம் ரெண்டு பக்கமும் இருக்கற பாதை, இந்த மாதிரி படம்தான் சரியா வரும்.

இத லியோனார்டோ டாவின்சியே குறிச்சு வச்சிருக்கார். எவ்வளவு திறமையா வரைஞ்சாலும் படம் நிஜப் பொருள் மாதிரி புடைச்சுத் தெரியாது, நிஜப் பொருளையே தள்ளி நின்னு ஒத்தக் கண்ணால பாத்தா ஒழியங்கறது அவரோட கட்சி. 1838ல சார்லஸ் வீட்ஸ்டோன்ங்கற இங்கிலாந்துக்காரர் அந்த வரியை மேற்கோள் காட்டிட்டு அப்படியே திருப்பிப் போட்டார். ஒரே பொருளை இடது கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு படம், வலது கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு படம்னு வரைஞ்சு, ரெண்டு கண்ணாடி வச்சு ஒவ்வொரு கண்ணுக்கும் ஒண்ணொண்ணா காட்டினார். படம் காகிதத்த விட்டு எழுந்து நின்னுச்சு. ஸ்டீரியோஸ்கோப் பிறந்தது இப்படித்தான். போட்டோகிராஃபியைப் பத்தி உலகத்துக்கு அறிவிச்சதே அடுத்த வருஷம் 1839லதான், அதனால மனுஷன் எல்லாத்தையும் கோட்டுப் படமாவே போட்டுக் காட்டினார்ங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

கேள்வி: எனக்கு சின்ன வயசுலேருந்து ஒரு கண்ணுல பார்வை இல்ல. "உனக்கு உலகமே தட்டையாதான் தெரியும்"னு ஃப்ரெண்ட்ஸ் ஓட்டறாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?

பதில்: அவங்க சொல்றது தப்பு, இத அப்படியே படிச்சுக் காட்டுங்க.

ரெண்டு கண்ணு வித்தியாசம்ங்கறது பல சாட்சிகள்ல ஒண்ணு மட்டும்தான், அதுவும் கிட்டத்துல இருக்கற விஷயத்துக்குத்தான் அதுக்கு பலம் ஜாஸ்தி. தூரம் ரெண்டு மடங்கானா அந்த வித்தியாசம் நாலுல ஒரு பங்கா சுருங்கிடும். மத்த சாட்சிகள் எல்லாம் உங்க ஒத்தக் கண்ணுக்கும் கிடைக்குது: எது எதை மறைக்குதோ அது முன்னாடி இருக்கு, தெரிஞ்ச பொருள் சின்னதா தெரிஞ்சா அது தள்ளி இருக்கு, தரையில இருக்கற கல்லும் புல்லும் போகப் போக நெருக்கமா பொடிசா ஆகுது, தூரத்து மலை நீலம் பூத்து மங்கலா இருக்கு, நிழல் எங்க விழுதோ அது ஒரு கணக்கு சொல்லுது. எல்லாத்துக்கும் மேல அசைவு இருக்கு. பஸ் ஜன்னல் வழியா பாத்தா பக்கத்து கம்பம் சர்ருனு ஓடும், தூரத்து மலை கூடவே வரும். இதெல்லாம் சேந்தா உலகம் தாராளமா ஆழமாத்தான் இருக்கும். ஊசில நூல் கோக்கறது, கிளாஸ்ல தண்ணி ஊத்தறது, பறந்து வர்ற பந்தைப் பிடிக்கறது, இதுலதான் கொஞ்சம் கஷ்டம் இருக்கும், அதுவும் பழக்கத்துல சரியாயிடும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

இந்த விஷயத்துல ஒரு கண்ணு மட்டும் பார்வை இருந்தவர் ஒருத்தர் பேர் நிலைச்சு நிக்குது. ஜெர்மனில கார்ல் புல்ஃப்ரிச்னு ஒரு விஞ்ஞானி, ஸைஸ் லென்ஸ் கம்பெனில ஸ்டீரியோ கருவிகள் மேல வேலை பாத்தவர். 1922ல அவர் எழுதின விளைவு இது: ஒரு நூல்ல கனமா ஏதாவது கட்டித் தொங்கவிட்டு, உங்களுக்கு முன்னாடி இடம் வலமா நேர்கோட்டுல ஆட்டுங்க. இப்ப கூலிங் கிளாஸோட ஒரு பக்கத்தை மட்டும் ஒரு கண்ணுக்கு முன்னாடி பிடிச்சுக்கிட்டு ரெண்டு கண்ணையும் திறந்து பாருங்க. குண்டு நேரா ஆடாம வட்டம் அடிக்கற மாதிரி, உங்ககிட்ட வந்துட்டு தள்ளிப் போற மாதிரி தெரியும். இருட்டான கண்ணோட சேதி மூளைக்கு ஒரு துளி லேட்டா போகுது, அதுக்குள்ள குண்டு நகந்துடுது, அந்த வித்தியாசத்தை மூளை தூரம்னு எடுத்துக்குது. புல்ஃப்ரிச்சுக்கு ஒரு கண்ணு தெரியாது, அதனால தன் பேர்ல இருக்கற இந்த வித்தையை அவரால பாக்க முடியல. உங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இதையும் சொல்லுங்க.

கேள்வி: 3டி படம் பாத்தா தலைவலி. விஆர் கண்ணாடி போட்டா பத்தே நிமிஷத்துல குமட்டுது. என் கண்ணு பழசாயிடுச்சா?

பதில்: இருக்கற கண்ணை சந்தேகப்படாதீங்க. நிஜ உலகத்துல கிட்ட இருக்கற பொருளைப் பாத்தா கண்ணு ரெண்டு வேலை ஒண்ணா செய்யும், ரெண்டு விழியும் உள்பக்கமா திரும்பும், உள்ள இருக்கற லென்ஸும் அந்த தூரத்துக்கு ஃபோகஸ் பண்ணும். பிறந்ததுலேருந்து ரெண்டும் ஜோடியாவே ஓடிப் பழகிடுச்சு. விஆர் கண்ணாடில ஒரு பட்டாம்பூச்சி மூக்குகிட்ட வருதுன்னு வச்சுக்கோங்க, விழி அதுக்காக உள்ள திரும்புது, ஆனா ஃபோகஸ் ஒண்ணு ரெண்டு மீட்டர் தள்ளி ஒரே இடத்துலயே இருக்கணும், இல்லன்னா படம் மங்கிடும். ஒரு கால் முன்னாடியும் ஒரு கால் பின்னாடியும் இழுக்கற மாதிரி ஒரு நிலைமை. குமட்டலுக்கு இன்னொரு காரணம், கண்ணு "நடக்கறோம்"ங்குது, காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு "சும்மாதான் உக்காந்திருக்கோம்"ங்குது. தியேட்டர்ல பின் வரிசைல உக்காந்தா கொஞ்சம் பரவால்லாம இருக்கும். நிஜத்துல பொருளைப் பாக்கும்போதே ரெண்டு ரெண்டா தெரிஞ்சா மட்டும் கண் டாக்டர்கிட்ட போங்க.

கேள்வி: புள்ளி புள்ளியா இருக்கற படத்துல ஒளிஞ்சிருக்கற உருவத்தைக் கண்டுபிடின்னு காட்டறாங்களே, எனக்கு மட்டும் ஒண்ணுமே தெரியல. எல்லாரும் சேந்து பொய் சொல்றாங்களா?

பதில்: பொய் இல்லீங்க, நானே ரெண்டு வருஷம் "ஆமா ஆமா தெரியுது"ன்னு தலையாட்டிட்டு இருந்தவன்தான்.

படத்தை மூக்குல ஒட்டற அளவு கிட்ட கொண்டுவாங்க. மங்கலாத்தான் தெரியும், விட்டுடுங்க, ஃபோகஸ் பண்ணாதீங்க. படத்துக்குப் பின்னாடி எங்கயோ தூரத்தைப் பாக்கற மாதிரி கண்ணை வச்சுக்கிட்டே மெதுவா படத்தைத் தள்ளிக் கொண்டுபோங்க. நடுவுல எங்கயோ படீர்னு உள்ள ஒரு பள்ளம் திறக்கும். திறந்ததும் சந்தோஷத்துல கண்ணைச் சிமிட்டி அதைக் கெடுத்துக்கறது எல்லாருக்கும் நடக்கும்.

அந்தப் படத்துல ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வருது. பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு டிசைனை ஆளுக்கொரு கண்ணு எடுத்துக்கிட்டு ஒண்ணுன்னு நினைச்சு ஒட்டிடுது. இடைவெளி கொஞ்சம் குறைஞ்ச இடம் முன்னாடி வரும், கூடின இடம் பின்னாடி போகும். தூரத்தைப் பாக்கறதுக்கு பதிலா மாறுகண்ணு மாதிரி உள்பக்கமா வச்சுப் பாத்தீங்கன்னா எல்லாம் தலைகீழாயிடும், மேடெல்லாம் பள்ளமா தெரியும். இதுக்கு மூலம் அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கற ஆராய்ச்சிக்கூடத்துல வேலை பாத்த பேலா யூலெஷ், 1960ல அவர் வெளியிட்ட புள்ளிப் படங்கள், கண்ணுக்கு ஒண்ணா ஜோடி ஜோடியா. ஒரு கண்ணால பாத்தா வெறும் மணல் கொட்டின மாதிரி, ரெண்டு கண்ணால பாத்தா நடுவுல ஒரு சதுரம் மிதக்கும். முதல்ல பொருள் என்னன்னு அடையாளம் கண்டுபிடிச்சுட்டுத்தான் மூளை ஆழத்தைக் கணக்கு போடும்னு அதுவரைக்கும் நிறைய பேர் நினைச்சாங்க, யூலெஷ் படத்துல அடையாளம் காண எதுவுமே இல்ல, ஆனாலும் ஆழம் வந்துடுச்சு. ரெண்டு படத்தை ஒரே படமா ஆக்கினது கிறிஸ்டோஃபர் டைலர், 1979ல.

எவ்வளவு முயற்சி பண்ணியும் வரலன்னா சின்ன வயசுலேருந்தே உங்க ரெண்டு கண்ணும் சரியா சேந்து வேலை செய்யாம இருக்கலாம், ஒரு தடவை காட்டிக்கறது நல்லது.

கேள்வி: சுவத்துல மாட்டியிருக்கற படத்துல இருக்கறவர் நான் எங்க போனாலும் என்னையே பாக்கறார். பயமா இருக்கு.

பதில்: அவர் உங்களைப் பாக்கல, கேமராவைப் பாத்தார். சிலையா இருந்தா நீங்க பக்கவாட்டுல போனதும் அதோட காது தெரியும், கண்ணு வேற எங்கயோ பாக்கும். படத்துல நீங்க எந்தப் பக்கம் போனாலும் அதே முகம், அதே விழி, விழிக்குள்ள அதே இடத்துல கருமணி. காது கூடுதலா தெரியப் போறதில்ல. அதனால நேரா பாக்கற படம் எங்கேருந்து பாத்தாலும் நேராதான் பாக்கும். பக்கவாட்டுல பாக்கற மாதிரி எடுத்த படம் நீங்க குட்டிக்கரணம் போட்டாலும் உங்களைப் பாக்காது, வேணும்னா அதை மாட்டிக்கோங்க.

கேள்வி: செல்ஃபில என் மூக்கு மட்டும் ஏன் சார் இவ்வளவு பெருசா வருது? கண்ணாடில நல்லாத்தான் இருக்கேன். போன் லென்ஸ் மட்டமா?

பதில்: லென்ஸை எல்லாரும் திட்டறாங்க, பாவம் அது. குத்தவாளி தூரம்.

மூக்கு நுனிலேருந்து காது ஒரு 12 செ.மீ. பின்னாடி இருக்குன்னு வச்சுக்கோங்க. போனை மூக்குலேருந்து 30 செ.மீ.ல பிடிச்சா காது 42 செ.மீ.ல இருக்கு. 42ஐ 30ஆல வகுத்தா 1.4, அதாவது காதோட ஒப்பிட்டா மூக்கு 40% பெருசா படத்துல விழும். அதே போனை யார்கிட்டயாவது குடுத்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்னு எடுக்கச் சொல்லுங்க, 162ஐ 150ஆல வகுத்தா 1.08, வெறும் 8%. முகம் அதேதான், கேமராவும் அதேதான். நேர்ல பேசறவங்க 30 செ.மீ. தூரத்துல நின்னு உங்களைப் பாக்கறதில்ல, அதனால செல்ஃபிய பாத்து மூக்கு ஆபரேஷன் வரைக்கும் போகாதீங்க.

இதோட மறுபக்கம்தான் ஒருத்தர் பின்னாடி பூசணி சைஸ்ல நிலா நிக்கற போட்டோ. எல்லாரும் எடிட்டிங்னு சொல்லிடறாங்க, எடிட்டிங்கே இல்லாம எடுக்கலாம். வானத்துல நிலாவோட அகலம் சுமார் அரை டிகிரிதான். ஆறடிக்கு கொஞ்சம் கம்மியா இருக்கற ஒரு ஆள் உங்கள்ட்டேருந்து ஏறக்குறைய 200 மீட்டர் தள்ளிப் போய் நின்னா அவரும் அரை டிகிரிக்கு சுருங்கிடுவார், நிலாவும் ஆளும் ஒரே உயரம். அதைப் பெரிய ஜூம் வச்சு இழுத்தா ரெண்டும் சேந்து பெருசாகும். பாக்கறவங்களோட மூளை "ஆள் முழுசா தெரியறார், அப்ப பக்கத்துலதான் நிக்கறார்"னு கணக்கு போட்டு, நிலாவையும் அதே அளவுகோல்ல வச்சுப் பாத்து மிரண்டுடுது.

கேள்வி: நிலாவுல இருக்கற பள்ளத்தோட படத்தைத் தலைகீழா திருப்பினா மேடா தெரியுதே, ஏன்?

பதில்: வெளிச்சம் மேலேருந்து வரும்னு மூளை ஒரு முடிவோட இருக்கு. சூரியன் மேல, லைட்டும் மேல, அது பாவம் வேற எப்படி யோசிக்கும். மேல் விளிம்பு வெளிச்சமா கீழ்ப்பக்கம் இருட்டா இருந்தா மேடு, மாறி இருந்தா பள்ளம். பழைய கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல பட்டன் ஞாபகம் இருக்கா? சாம்பல் கலர் கட்டம், மேல் ஓரமும் இடது ஓரமும் வெள்ளைக் கோடு, கீழயும் வலதுலயும் கறுப்புக் கோடு, அவ்வளவுதான், புடைச்சுக்கிட்டு நிக்கும். க்ளிக் பண்ணினா ரெண்டு கோடும் கலர் மாத்திக்கும், பட்டன் அமுங்கிடும். நாலு கோட்டுல ஒரு முழு பட்டன்.

இதுல எனக்கு சுவாரசியமா பட்டது மூளை விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் 1988ல எழுதினது. "மேல"ன்னா வானத்துப் பக்கமா, இல்ல நம்ம உச்சந்தலைப் பக்கமா? தலையைச் சாய்ச்சு வச்சுப் பாத்தா மேடு பள்ளமும் தலையோட சேந்து மாறுது. அதாவது சூரியன் நம்ம மண்டைமேல ஆணி அடிச்சு மாட்டியிருக்குங்கற நினைப்புல மூளை இருக்கு. அந்தப் படத்தைத் திருப்பாம நீங்களே குனிஞ்சு காலுக்கு நடுவுல தலையை விட்டுப் பாருங்க. முதுகுவலி வந்தா பொறுப்பு நான் இல்ல.

கேள்வி: பழங்கால ஓவியங்கள்ல தூரத்துல இருக்கறவங்களும் பக்கத்துல இருக்கறவங்களும் ஒரே சைஸ்ல இருக்காங்க, மேஜை எல்லாம் கோணலா நிக்குது. ஐரோப்பாக்காரன் கத்துக் குடுக்கற வரைக்கும் மத்தவங்களுக்கு சரியா வரையத் தெரியாதுன்னு எங்க வாத்தியார் சொல்றார். சரிதானா? நான் ஓவியம் படிக்கற மாணவி.

பதில்: வாத்தியார் மேல மரியாதையோடவே சொல்றேன்மா, நான் ஒத்துக்க மாட்டேன்.

தள்ளி இருக்கறதெல்லாம் சின்னதாகணும், உள்ள போற இணைகோடெல்லாம் ஒரே புள்ளில போய் சேரணும்ங்கறதுதான் உங்க வாத்தியார் சொல்ற 'சரியான' விதி. முதல்ல அது எப்படி வந்துச்சுன்னு பாரு. 1420க்கு முன்னே பின்னே, இத்தாலில ஃப்ளாரன்ஸ் நகரத்துல புருனெலெஸ்கின்னு ஒரு கட்டடக் கலைஞர், கதீட்ரல் வாசல்ல நின்னு பாத்தா எதிர்ல இருக்கற ஞானஸ்நானக் கூடம் எப்படித் தெரியுமோ அப்படியே ஒரு பலகைல வரைஞ்சார். வரைஞ்சுட்டு அந்தப் பலகைல ஒரு ஓட்டை போட்டார். பாக்கறவர் பலகைக்குப் பின்னாடி நின்னு ஓட்டைல கண்ணை வச்சு, எதிர்ல ஒரு கண்ணாடியைப் பிடிச்சு, கண்ணாடில தெரியற படத்தைப் பாக்கணும். வானம் வர்ற இடத்துல அவர் பெயின்ட் அடிக்கல, பளபளன்னு வெள்ளித் தகடு ஒட்டினார், அதுல நிஜ மேகம் நகரும். பாத்தவங்க படமா நிஜமான்னு திகைச்சுப் போயிருப்பாங்க. ஆனா அந்த ஓட்டைய கவனி. அதுல ரெண்டு கண்ணை வைக்க முடியாது, தலையை நகத்தவும் முடியாது. 1435ல ஆல்பெர்ட்டி இதை விதியா எழுதி வச்சார். அந்த விதி சரியா வேலை செய்யணும்னா ஒரு கண்ணு, ஒரே இடம், அசையாத தலை வேணும். நாம யாரும் அப்படி நின்னு எதையும் பாக்கறதில்லயே.

இப்ப சீனாவுல நீளமா சுருட்டி வைக்கற ஓவியத்தை எடுத்துக்கோ. அதை மொத்தமா விரிச்சு மாட்ட மாட்டாங்க, ஒரு கையால விரிச்சு ஒரு கையால சுருட்டி, நடந்து போற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா பாப்பாங்க. அதுல கோடெல்லாம் போய் சேர்ற ஒரு புள்ளிய எந்த இடத்துல வைக்கறது? அஞ்சு அடி தள்ளி வந்ததும் அது தப்பாயிடும். அதனால இணைகோட்டை இணைகோடாவே விட்டுட்டாங்க, தூரத்துல இருக்கறதை மேல வரைஞ்சாங்க. இதைத் தெரியாத்தனம்னு சொல்றவங்க இஞ்சினியருங்களையும் கேக்கணும், அவங்க வரையற ஐசோமெட்ரிக் படத்துலயும் கோடு சேராது, 1822ல ஃபேரிஷ்னு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் அதுக்கு விதி எழுதினார். தூரத்துல இருக்கற பக்கம் சுருங்கிடுச்சுன்னா படத்துமேல ஸ்கேல் வச்சு அளக்க முடியாது, அதான் காரணம். ஆளை முக்கியத்துவப்படி பெருசு சின்னதா வரையறதும் அப்படித்தான், ராஜா தூரத்துல உக்காந்திருக்கார்ங்கறதுக்காக அவரை எறும்பாட்டம் வரைஞ்சா வரைஞ்சவன் தலை தப்புமா?

விதிப்படி வரைஞ்சா என்ன ஆகும்னு பாக்க ரோம்ல சான்ட் இக்னாசியோ தேவாலயம் இருக்கு. குவிமாடம் வர வேண்டிய இடத்துல 1685ல ஆண்ட்ரியா போட்சோ தட்டையான துணில ஒரு குவிமாடத்தை வரைஞ்சு மாட்டிட்டார். தரையில ஒரு இடத்துல அடையாளம் பதிச்சிருக்காங்க, அதுமேல நின்னு அண்ணாந்து பாத்தா நிஜமான குவிமாடம்தான். பத்து அடி தள்ளி நடந்து பாரு, மொத்தக் குவிமாடமும் ஒரு பக்கமா சாய ஆரம்பிக்கும். எனக்கு ரெண்டு ஓவிய முறையும் பிடிக்கும், ஆனா ஒண்ணு தெரிஞ்சவன் வேலை இன்னொண்ணு தெரியாதவன் வேலைன்னு பிரிக்கறது மட்டும் பிடிக்காது.

கேள்வி: படத்தைப் பாத்து ஆழத்தைப் புரிஞ்சுக்கறது பிறவில வர்றதா, பழக்கத்துல வர்றதா?

பதில்: ரெண்டு பக்கமும் நூறு வருஷத்துக்கு மேல சண்டை நடக்குது, நான் பிறவி பக்கம் கொஞ்சம் சாஞ்சவன். 1960ல எலினோர் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் ஒரு மேஜை செஞ்சாங்க, பாதி கட்டம் போட்ட தரை, மீதி கண்ணாடி, கண்ணாடிக்கு கீழ நல்ல பள்ளம். 6 மாசத்துலேருந்து 14 மாசம் வரைக்கும் 36 குழந்தைங்க. அந்தப் பக்கத்துலேருந்து அம்மா கூப்பிடுவாங்க. நகந்த 27 குழந்தைல கண்ணாடிமேல போனது மூணுதான், மத்ததெல்லாம் அழுதுச்சு, கண்ணாடியைத் தட்டிப் பாத்துச்சு, போகல. ஆனா அதெல்லாம் நிஜப் பள்ளம், தவழற வயசுக்குள்ள கத்துக்கிட்டதா கூட இருக்கலாம்.

படம்னு பாத்தா 1962ல ஹாக்பெர்க்கும் புரூக்ஸும் எழுதினது இருக்கு: ஒரு குழந்தைக்கு 19 மாசம் வரைக்கும் ஏறக்குறைய படமே காட்டாம வளத்துட்டு, அப்புறம் கோட்டுப் படத்தைக் காட்டினா அது தெரிஞ்ச பொருளையெல்லாம் பேர் சொல்லுச்சு. அதை விட வலுவான சாட்சி இந்தியாவுலேருந்து வந்துச்சு. பவன் சின்ஹா நடத்தற ப்ராஜெக்ட் பிரகாஷ்ல, பிறவிலேயே கண்புரையோட இருந்த பிள்ளைங்களுக்கு ஆபரேஷன் பண்ணி பார்வை குடுக்கறாங்க. 2015ல வந்த கட்டுரைல 8 வயசுலேருந்து 16 வயசு வரைக்கும் 9 பிள்ளைங்க. கட்டு பிரிச்ச கையோட அவங்களுக்கு ஒரு படம் காட்டினாங்க: தண்டவாளம் மாதிரி மேல போகப் போக நெருங்கற ரெண்டு கோடு, அதுக்கு நடுவுல ஒரே நீளத்துல ரெண்டு குச்சி, ஒண்ணு மேல ஒண்ணு கீழ. நமக்கெல்லாம் மேல இருக்கற குச்சி நீளமா தெரியும், தூரத்துல இருக்குன்னு மூளை நினைச்சு நீட்டிக்குதுன்னு பாடத்துல சொல்லுவாங்க. தண்டவாளத்தையே வாழ்க்கைல பாக்காத அந்தப் பிள்ளைங்களும் மேல இருக்கறதுதான் நீளம்னு சொன்னாங்க. பழக்கத்தால வர்றதுன்னு சொல்ற கட்சி இதுக்கு சரியா பதில் சொல்லணும்.

கேள்வி: மலை ஏறும்போது "இதோ பக்கத்துலதான்"னு தெரியற உச்சி போகப் போக தள்ளிட்டே போகுது. கண்ணு ஏமாத்துதா?

பதில்: காத்து சுத்தமா இருந்திருக்கும். மங்கலா நீலமா தெரிஞ்சா தூரம்னு பழகின மூளை, பளிச்சுனு தெரிஞ்சதும் கிட்ட இருக்குன்னு சொல்லிடுது. இதோட உச்சக்கட்டம் நடந்த இடம் நிலா. அங்க காத்தே இல்ல, மங்கல் இல்ல, அளவு பாக்க மரம் இல்ல, வீடு இல்ல, ஆள் இல்ல. 1971 பிப்ரவரில அப்பல்லோ 14ல போன ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் கோன்ங்கற பெரிய பள்ளத்தோட விளிம்பைத் தேடி தள்ளுவண்டியை இழுத்துக்கிட்டு மேட்டுல ஏறினாங்க. பள்ளம் 300 மீட்டருக்கு மேல அகலம், அதையே காணோம். ஒவ்வொரு மேடும் "இதான் விளிம்பு"ன்னு தெரியும், ஏறிப் பாத்தா இன்னொரு மேடு. நேரம் ஆகி, மூச்சு வாங்கி, கடைசில திரும்பிட்டாங்க. அப்புறம் படத்தையும் மேப்பையும் வச்சுக் கணக்கு பாத்தா அவங்க போய் நின்ன இடத்துலேருந்து விளிம்பு வெறும் 20, 30 மீட்டர்.

கேள்வி: என் பையனுக்கு ஏழு வயசு. அவன் வரையற வீட்டுல முன்பக்கம், ரெண்டு பக்கச் சுவர், கூரை எல்லாம் ஒண்ணாவே தெரியுது. தப்புன்னு திருத்தணுமா சார்?

பதில்: அவன் வீட்டைச் சுத்தி வந்திருக்கான், பாத்ததை எல்லாம் போட்டிருக்கான், விட்டுடுங்க. அவனே ஒரு நாள் "ஏன் எனக்கு போட்டோ மாதிரி வரல"ன்னு கேட்டா, ஜன்னல் கண்ணாடிகிட்ட நிறுத்தி, அழியற மார்க்கர் ஒண்ணைக் கைல குடுத்து, ஒரு கண்ணை மூடிக்கிட்டு தலையை ஆட்டாம வெளிய தெரியற கட்டடத்தோட ஓரத்தைக் கண்ணாடிமேலயே இழுக்கச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷத்துல சரியான படம் வந்துடும். நடுவுல மறந்துபோய் இன்னொரு கண்ணையும் திறந்துடுவான், கோடு ஒரு பக்கம் கட்டடம் ஒரு பக்கம்னு ரெண்டா போய் நிக்கும், "அப்பா, வீடு நகந்துடுச்சு"ன்னு கத்துவான். அப்ப அவன்கிட்ட இந்தப் பக்கத்தோட முதல் கேள்வியைப் படிச்சுக் காட்டுங்க.